லிவர், குடல் நோய் ஆராய்ச்சியில கலந்துக்கிட்டவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் லிவர் நோய்க்கான கிளினிக்கல் டிரையல்ல, அதாவது புது மருந்த நோயாளிங்ககிட்ட குடுத்து சோதிக்கிற ஆராய்ச்சில, கோஆர்டினேட்டரா இருக்கேன். டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. கன்சென்ட் ஃபாரத்த (சம்மத பத்திரம்) பக்கம் பக்கமா உக்காந்து விளக்குறது, விசிட்டுக்கு போன் போட்டு ஞாபகப்படுத்துறது, திருப்பி கொண்டு வர்ற மாத்திரைய எண்ணி எழுதுறது, ரத்த ட்யூப்ல ஸ்டிக்கர் சரியா ஒட்டிருக்கான்னு பாக்குறது, இதெல்லாம் என் வேல. ரொம்ப நாளா ஒரு விஷயம் மனச அரிச்சிட்டே இருக்கு. மருந்து வேல செஞ்சவங்க கதைய எல்லாரும் கேக்குறாங்க, பிளாசிபோ (பாக்க அதே மாதிரி இருக்கும், உள்ள மருந்து இருக்காது) கெடச்சவங்க, பாதில வெளிய வந்தவங்க, சேக்குறதுக்கு முன்னாடி பண்ற ஸ்க்ரீனிங்லயே கழிஞ்சவங்க, இவங்க கதைய கேக்க ஆளே இல்ல.

எங்ககிட்ட ஒருத்தர் இருந்தாரு, ஃபேட்டி லிவர் முத்தி உள்ள வீக்கமும் தழும்பும் ஆரம்பிச்ச நெலம. முன்னாடி ஒரு பயாப்ஸி (ஊசில லிவர்லேந்து துண்டு எடுத்து பாக்குறது), ஒரு வருஷம் கழிச்சு இன்னொன்னு. லிவர் பயாப்ஸி பண்ணிக்கிட்டவங்களுக்கு தெரியும், வலது விலாவுக்கு நடுவுல மரத்துப்போற ஊசி போட்டுட்டு, மூச்ச வெளிய விட்டு அப்படியே பிடிச்சுக்கங்கம்பாங்க, ஊசி உள்ள போயிட்டு வர்றது ஒரு நொடி ரெண்டு நொடிதான், ஆனா அதுக்கப்புறம் வலது பக்கமா மணிக்கணக்குல அசையாம படுக்கணும், சில பேருக்கு வலது தோள்பட்டைல ஒரு வலி வரும், லிவர்ல குத்துனா தோள் ஏன் வலிக்குதுன்னு பயந்துருவாங்க. லிவருக்கு மேல இருக்குற டயஃப்ரம்ங்கற மூச்சுத் தசையோட நரம்பும் தோளோட நரம்பும் தண்டுவடத்துல ஒரே எடத்துல சேர்றதுதான் காரணம். இதெல்லாம் ரெண்டு வாட்டி தாங்கிட்டாரு மனுஷன். டிரையல் முடிஞ்சு யாருக்கு எந்த குரூப்புன்னு சொன்னப்ப இவருக்கு பிளாசிபோ. "அப்ப நான் எதுக்கும்மா வந்தேன்"னு கேட்டாரு. கோவமா கேக்கல, அதான் எனக்கு தாங்கல.

அவர்கிட்ட நான் வேற ஒரு டிரையல் கணக்க காட்டுனேன். ரெஸ்மெடிரோம்னு ஒரு மருந்து, 2024 மார்ச்ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு, இந்த நோய்க்குன்னு அவங்க மொத மொதல்ல அனுமதிச்ச மருந்து அதுதான். மேஸ்ட்ரோ நாஷ்ங்கற டிரையல்ல 966 பேர். ஒரு வருஷம் கழிச்சு பயாப்ஸி எடுத்து பாத்தா, 100 மில்லிகிராம் எடுத்தவங்கள்ல 25.9 சதவீதம் பேருக்கு தழும்பு ஒரு படியாவது கொறஞ்சிருக்கு. கேக்க நல்லாருக்கு. ஆனா பிளாசிபோ எடுத்தவங்கள்லயும் 14.2 சதவீதம் பேருக்கு கொறஞ்சிருக்கு! அந்த 14.2 தெரியலன்னா 25.9ங்கறத வச்சு என்ன சொல்ல முடியும்? ஒண்ணும் சொல்ல முடியாது, அந்த நம்பர குடுத்தது பிளாசிபோ முழுங்குனவங்கதான். அவரு கொஞ்ச நேரம் அந்த பேப்பரயே பாத்துட்டு, இத ஒரு ஜெராக்ஸ் எடுத்து குடும்மான்னு வாங்கிட்டு போனாரு.

உங்கள்ல யாராவது டிரையல்ல இருந்திருக்கீங்களா, இல்ல லேப்ல வேல பாக்குறீங்களா? சொல்லுங்க.

---

அக்கா நான் பாதில வெளிய வந்த கேஸ். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடல் வீங்கி புண்ணாகுற நோய், பல வருஷமா இருக்கு. புது மருந்து டிரையல்ல சேந்தேன். தெனமும் டைரில எழுதணும், இன்னைக்கு எத்தன தடவ மோஷன் போனேன், ரத்தம் இருந்துச்சா, இருந்தா எவ்வளவு. இதெல்லாம் வேற யார்கிட்டயும் பேச முடியாத விஷயம், வீட்ல கூட பாதிதான் சொல்லுவேன், அந்த டைரிலதான் முழுசா உண்மைய எழுதுனேன். நோய் எவ்வளவு தீவிரம்னு பாக்க மேயோ ஸ்கோர்னு ஒண்ணு, மோஷன் எண்ணிக்கைக்கு 0 லேந்து 3, ரத்தத்துக்கு 0 லேந்து 3, ஸ்கோப்பு (குடலுக்குள்ள விடுற கேமரா குழாய்) போட்டு பாக்குறதுக்கு 3, டாக்டர் மொத்தமா பாத்து சொல்றதுக்கு 3, ஆக 12. ஸ்கோப்பு வீடியோவ வேற எங்கயோ இருக்குற ஒருத்தர் பாத்து மார்க் போடுவாராம், அது நானா, மருந்துக்கு முன்னாடி எடுத்ததா பின்னாடி எடுத்ததா எதுவும் அவருக்கு தெரியாது. அது எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு.

ஸ்டீராய்டு கொறச்சுக்கிட்டே வர்றப்ப எனக்கு திரும்ப ஃபிளேர் ஆயிடுச்சு, நோய் கூடிடுச்சு, ராத்திரி தூக்கமே இல்ல, பாத்ரூம் கதவு கிட்டயே உக்காந்துருப்பேன். டாக்டரே போதும் வெளிய வந்துருங்க உங்க உடம்புதான் முக்கியம்னுட்டாரு. அன்னைக்கு கெளம்பறப்ப அவ்வளவு நாள் எழுதுன டைரி எல்லாம் குப்பைக்கு போயிடுமேன்னு இருந்துச்சு. போகுமா அக்கா?

---

தம்பி, போகவே போகாது. நீங்க சேந்த அன்னைக்கே உங்க பேரு எந்த குரூப்போ அந்த குரூப்போட கணக்குல ஏறிடுச்சு, பாதில வெளிய வந்தாலும் கடைசி கணக்குல இருப்பீங்க. இந்த மாதிரி டிரையல்ல நோய் கூடி வெளிய வந்தவங்கள குணமாகாதவங்கன்னுதான் எண்ணுவாங்க. அப்படி எண்ணாம, கடைசி வர தாக்கு புடிச்சவங்கள மட்டும் எடுத்தா எந்த மருந்தும் பிரமாதமா தெரியும். உங்களுக்கு பின்னாடி அந்த மருந்த வாங்க போறவங்களுக்கு உண்மையான நம்பர் போகுதுன்னா அதுல உங்க டைரி இருக்கு. இப்ப உடம்பு எப்படி இருக்கு?

---

இப்ப பரவால்லக்கா. வேற ஊசி போட்டு கண்ட்ரோல்ல இருக்கு. நன்றி, இத யாரும் இப்படி சொல்லல எனக்கு.

---

லேப் பக்கத்துலேந்து ஒரு ஆள். குடல் வீக்கத்த பத்தி பிஎச்டி பண்றேன். எலிக்கு குடிக்கிற தண்ணில டிஎஸ்எஸ்னு ஒரு கெமிக்கல் கலந்து குடுத்தா ஒரு வாரத்துக்குள்ள கொலைட்டிஸ் வந்துரும், தெனமும் காலைல ஒவ்வொண்ணா தூக்கி எடை போட்டு, எடை கொறையுதா, மோஷன்ல ரத்தம் இருக்கான்னு பாத்து குறிக்கணும். அந்த தண்ணிய நிறுத்துனா எலி தானா தேற ஆரம்பிச்சுரும். மேல எழுதின நண்பருக்கு அப்படி இல்லையே, அவருக்கு எந்த தண்ணிய நிறுத்துறது? எலி குணமாயிடுச்சுன்னு நியூஸ் வர்றப்பல்லாம் எனக்கு இதுதான் தோணும்.

அதனால இப்ப நாங்க ஆர்கனாய்டும், அதாவது செல்லுலேந்து வளக்குற குட்டி உறுப்பு மாதிரியும், வளக்குறோம். 2009ல நெதர்லாந்துல ஹான்ஸ் கிளெவர்ஸ் லேப்ல, எலி குடலோட ஒத்த ஸ்டெம் செல்லுலேந்து குட்டி குடல் மாதிரியே வளத்து காட்டுனாங்க, அதுக்கப்புறம் மனுஷ திசுலயும் வந்துச்சு. கொலனாஸ்கோபில கிள்ளி எடுத்த துண்டு ஐஸ்ல வந்து சேரும், அரிசி சைஸ்கூட இருக்காது. அத கழுவி கழுவி கிரிப்ட்ட (ஸ்டெம் செல் இருக்குற குட்டி குழி) மட்டும் பிரிச்சு மேட்ரிஜெல்ங்கற ஜெல்லுல கலக்கணும், அது ஐஸ்ல இருக்குற வரைக்கும் தண்ணியா இருக்கும், கொஞ்சம் சூடானா கெட்டிப்பட்டுரும், அதனால வெரலு நடுங்காம சட்டுன்னு பிளேட்ல சொட்டு சொட்டா வைக்கணும். சில நாள்ல மைக்ரோஸ்கோப்ல பாத்தா உருண்ட உருண்டையா குமிழி, அப்புறம் அதுல மொட்டு விடும். ட்யூப்ல ஒரு நம்பர் மட்டும்தான் இருக்கும். அது யாரோட குடல்னு எனக்கு என்னைக்குமே தெரியப்போறதில்ல, ஆனா அவங்க சரின்னு கையெழுத்து போட்டதாலதான் அது என் கையில இருக்கு.

எங்க கைடு புதுசா சேர்ற எல்லாருக்கும் சொல்ற ஒரு விஷயம் ஃபியாலூரிடின். 1993, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல ஹெபடைட்டிஸ் பி-க்கான மருந்து டிரையல், 15 பேர். மிருகங்கள்ல பாத்தப்ப இப்படி ஒரு ஆபத்து தெரியவே இல்ல. வாரக்கணக்குல மருந்து எடுத்த பிறகு 7 பேருக்கு லிவர் ஃபெயிலியர், மருந்த நிறுத்துன பின்னாடியும் மோசமாயிட்டே போச்சு, 5 பேர் எறந்துட்டாங்க, 2 பேர் லிவர் மாத்தி பொழச்சாங்க. பின்னாடி பாத்தா, அந்த மருந்து செல்லுக்கு சக்தி குடுக்குற மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏவ கெடுத்திருக்கு. மனுஷ மைட்டோகாண்ட்ரியால அந்த மருந்த உள்ள எடுத்துட்டு போற ஒரு புரதம் இருக்கு, எலிக்கு அந்த எடத்துல அது கெடையாது. 2014ல மனுஷ லிவர் செல்ல எலிக்குள்ள வளத்து அதுக்கு இதே மருந்த குடுத்தாங்க, அந்த எலில விஷத்தன்மை பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. அந்த அஞ்சு பேர நெனைக்காம நான் எந்த எலி ரிசல்ட்டயும் படிக்கிறதில்ல.

---

இத படிச்சா பயமா இருக்கே. எங்க அக்காவ லிவர் டிரையல்ல சேரச்சொல்லி டாக்டர் கேட்டிருக்காரு. அதுவும் பிளாசிபோ குடுக்குறது ஏமாத்துறது இல்லையா?

---

பயம் வர்றது நியாயம்தான். ஆனா ஏமாத்துறது கெடையாது, உங்களுக்கு பிளாசிபோ கெடைக்கலாம்னு கையெழுத்துக்கு முன்னாடியே சொல்லணும். நல்லா வேல செய்யிற மருந்து ஏற்கனவே இருக்குற நோய்க்கு, அத நிறுத்திட்டு வெறும் பிளாசிபோல ஒருத்தர விடுறது சரியில்ல. ஃபியாலூரிடினுக்கு அப்புறம் கண்காணிப்பும் ரொம்ப இறுகிடுச்சு. நாங்க ஒவ்வொரு ரத்த ரிப்போர்ட்லயும் மொதல்ல பாக்குறது எஸ்ஜிபிடியும் (லிவர் செல் அடிபட்டா ரத்தத்துல ஏறும்) பிலிருபினும் (மஞ்சள் காமாலைல ஏறுறது). எஸ்ஜிபிடி நார்மல் அளவோட உச்சத்த விட 3 மடங்கு தாண்டி, பிலிருபினும் 2 மடங்கு தாண்டி, வேற காரணமும் இல்லன்னா மருந்து லிவர பாதிக்குதுன்னு அர்த்தம். ஹைமன் சிம்மர்மேன்ங்கற டாக்டர் கவனிச்சது, அவர் பேர்லயே ஹைஸ் லான்னு சொல்லுவாங்க. அந்த நெலமைக்கு போனவங்கள்ல கிட்டத்தட்ட பத்துல ஒருத்தருக்கு உயிருக்கே ஆபத்துங்கறதால, அந்த ரிப்போர்ட் வந்தா நேரம் காலம் பாக்காம டாக்டருக்கு போன் அடிச்சிருவோம்.

---

நான் பயாப்ஸி ஸ்லைடு பாக்குற பேத்தாலஜிஸ்ட். மொத பதிவுல பிளாசிபோலயும் 14.2னு வந்துச்சுல்ல, அது பத்தி ஒரு வார்த்த. டிரையல்ல சேந்த பிறகு சில பேர் எடைய கொறைக்கிறாங்க, குடிய விடுறாங்க, அதுல நெஜமாவே லிவர் தேறுது. இன்னொரு காரணம் எங்க பக்கம் இருக்கு. ஊசில வர்றது நூல் மாதிரி ரெண்டு சென்டிமீட்டர் துண்டு, முழு லிவர்ல சுமாரா 50,000ல ஒரு பங்கு. ஒரு இன்ச் தள்ளி குத்தியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கலாம். அப்புறம் செல்லு ஊதிப்போயிருக்கா இல்லையாங்கறதுல ரெண்டு பேத்தாலஜிஸ்ட் ஒத்துப்போறதே கஷ்டம், ஒரே ஆள் அதே ஸ்லைட மறுபடி பாத்தாக்கூட வேற மார்க் போடலாம். இத நான் வெளிப்படையாவே சொல்றேன், ஏன்னா இத மூடி வச்சா நல்ல மருந்து தோத்துப்போகும், வேல செய்யாத மருந்து ஜெயிச்சிரும். ஃபைப்ரோஸ்கேன் (வெளியிலேந்தே லிவர் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு அளக்குறது) மாதிரி குத்தாம பாக்குற வழி இன்னும் நம்பகமா வரணும்னு எங்க ஆளுங்கள விட யாரும் ஆசப்பட மாட்டாங்க.

---

எங்க அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் சி. இன்டர்ஃபெரான் ஊசி, கூட ரிபாவிரின் மாத்திரை, அதுதான் அப்ப இருந்துச்சு. 48 வாரம். ஊசி போட்ட ராத்திரி குளிர் காய்ச்சல், ஹீமோகுளோபின் எறங்கி மாடிப்படி ஏற முடியாது, யார்கிட்டயும் பேசாம செவத்த பாத்து படுத்திருப்பாரு. எல்லாம் பட்டும் வைரஸ் போகல. அப்பாவுக்கு இருந்த வைரஸ் டைப்புக்கு அந்த வைத்தியத்துல பாதி பேருக்குதான் போகும், அப்பா இன்னொரு பாதி. 2013 கடைசில சோஃபோஸ்புவிர் வந்துச்சு, எங்களுக்கு கெடைக்க இன்னும் கொஞ்ச காலம் ஆச்சு, அதோட இன்னொரு மாத்திரையும் சேத்து 12 வாரம். ஊசி இல்ல காய்ச்சல் இல்ல. முடிச்சு 12 வாரம் கழிச்சு டெஸ்ட், வைரஸ் இல்ல. இந்த வைரஸ கண்டுபிடிச்சது 1989ல, அதுக்கு நோபல் 2020ல ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் மூணு பேருக்கும். டிவில அந்த நியூஸ் ஓடுனப்ப அப்பா சவுண்ட கூட்டி வைக்க சொன்னாரு. அவருக்கு கெடச்ச மாத்திரைய அவருக்கு முன்னாடி டிரையல்ல சாப்ட்டு பாத்தவங்க யாருன்னே எங்களுக்கு தெரியாது, அவங்க யாராவது இத படிச்சா எங்க குடும்பத்தோட நன்றி.

---

அக்கா டிரையல் பத்தி கேட்டவங்களுக்கு: சேருங்கன்னும் சொல்ல மாட்டேன் வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். கன்சென்ட் ஃபாரத்த வீட்டுக்கு கொண்டு போய் நிதானமா படிக்க உரிமை இருக்கு, அவசரப்படுத்துனா சேராதீங்க. எத்தன பயாப்ஸி, இப்ப சாப்பிடுற மருந்துல எத நிறுத்தணும், மருந்தால உடம்புக்கு எதாவது ஆனா வைத்திய செலவு யாருது, டிரையல் முடிஞ்ச பிறகு மருந்து வேல செஞ்சிருந்தா தொடர்ந்து கெடைக்குமா, எடுத்த திசுவையும் ரத்தத்தையும் எவ்வளவு காலம் வச்சிருப்பாங்க, இதெல்லாம் வாய் விட்டு கேக்க சொல்லுங்க, பதில ஃபாரத்துல எங்க இருக்குன்னு காட்ட சொல்லுங்க. எப்ப வேணா காரணம் சொல்லாம வெளிய வரலாம், வழக்கமான வைத்தியம் நிக்காது. அப்புறம் ஃபாரத்துல அவசரத்துக்கு கூப்பிட ஒரு நம்பர் இருக்கும், கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவ அதுக்கு போன் போட்டு யாராவது எடுக்குறாங்களான்னு பாத்துருங்க.