ஏஞ்சலும் நியானும் ஒரே தொட்டியில், சேலம் தண்ணீரில் சரிப்படுமா?

அம்மாபேட்டை வாணி
வணக்கம். எங்களுடையது இரண்டரை அடி மீன் தொட்டி, 80 லிட்டர் பிடிக்கிறது. தினமும் துளி தீனி மட்டும் போட்டு, மீன் இல்லாமலேயே 5 வாரமாக ஃபில்டர் ஓடுகிறது. மீனுக்கு விஷமான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, அவை மாறி வரும் நைட்ரேட் காட்டுகிறது. கடைக்காரர் 2 ஏஞ்சல், 12 நியான் டெட்ரா, 4 கப்பி, 1 டேங்க் கிளீனர் என்று எழுதித் தந்தார். மகளுக்கு நியான் என்றால் உயிர். வாங்கலாமா?

திருமணிமுத்தாறு
வேண்டாங்க வாணி. 2019-ல் இதே கூட்டணியைத்தான் நானும் விட்டேன். ஒரு ரூபாய் நாணய அளவு ஏஞ்சல் இரண்டு, நியான் 12. ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் எண்ணினால் 9. இரண்டு நாள் கழித்து 7. செத்த மீன் ஒன்றும் மிதக்கவில்லை. ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தேன், குதித்து விழுந்திருக்குமோ என்று சோபாவுக்கு அடியிலும் தேடினேன். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு டார்ச் அடித்தபோது, பெரிய ஏஞ்சலின் வாயோரம் சிவப்பாக ஒரு வால் துண்டு. அது மெதுவாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் மறக்க முடியவில்லை.

நியான் எவ்வளவு வளர்ந்தாலும் 3, 4 செ.மீ.தான். ஏஞ்சல் உடம்பு மட்டுமே 15 செ.மீ. வரை வரும். வாய்க்குள் அடங்கினால் அதற்குத் தீனி, அவ்வளவுதான்.

கிச்சிப்பாளையம் செந்தில்
ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. என் வீட்டில் 3 வருடமாக இரண்டும் சேர்ந்துதான் இருக்கின்றன. முதலில் நியானை விட்டு முழுசாக வளரவைத்தேன், பிறகுதான் குட்டி ஏஞ்சலை விட்டேன். இரண்டு வேளையும் வயிறு நிறையப் போடுகிறேன். நாலடித் தொட்டி முழுக்கச் செடி, ஒளிந்துகொள்ள இடம் உண்டு. வளர்க்கிற முறையில் வளர்த்தால் வளரும். குழந்தையின் ஆசையைப் பயமுறுத்திக் கெடுக்காதீர்கள்.

திருமணிமுத்தாறு
தம்பி, நாலடி என்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது விஷயம். உங்கள் தொட்டியில் பாதிகூட இல்லை வாணியுடையது. இரண்டு ஏஞ்சலும் ஜோடி சேர்ந்து ஒரு இலையில் முட்டை வைத்துவிட்டால் அந்தப் பக்கம் ஒரு மீனை அண்டவிடாது. 80 லிட்டரில் மற்றவை எங்கே ஓடும்?

டேங்க் கிளீனரையும் சொல்லிவிடுகிறேன். கடையில் விரல் நீளம் இருக்கும் அந்தச் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அது போடும் கழிவு அதிகம்.

அப்புறம் தண்ணீர். வாணி, உங்களுக்குப் போர் தண்ணீரா, மேட்டூர் குழாய்த் தண்ணீரா?

அம்மாபேட்டை வாணி
இரண்டும் உண்டு. ஆர்.ஓ. சர்வீஸ் செய்பவர், கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்தபோது போர் தண்ணீர் 1040, மேட்டூர் தண்ணீர் 340. போர் தண்ணீர் காய்ந்தால் வாளியெல்லாம் வெள்ளைத் திட்டு.

திருமணிமுத்தாறு
அந்த வெள்ளைத் திட்டுதான் கடினத்தன்மை. கால்சியம், மெக்னீசியம். மெக்னீசியம் உள்ள மேக்னசைட் கல்லை வெட்டும் ஊரில் வேறு எப்படி இருக்கும்? கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீரில் கொழிக்கும். நியான் அமேசான் பக்கத்து மீன், மென்மையான, சற்றே அமிலத் தண்ணீர் கேட்கும். இரண்டையும் ஒன்றாக விட்டால் ஒன்று வாடும்.

கிச்சிப்பாளையம் செந்தில்
இதுவும் கொஞ்சம் கூடுதல் பயம் அண்ணா. இன்று கடைக்கு வரும் நியானில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை, அமேசானைப் பார்த்ததே இல்லை. கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து பழக்கினால் நிற்கும். ஆனால் 1040 எனக்கும் அதிகம்தான். அதில் நான் விடமாட்டேன்.

காபித்தோட்டம்
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊற்றுத் தண்ணீர் மீட்டரில் 70. இங்கே நியான் ஜம்மென்று இருக்கிறது, மோலிதான் வாலைச் சுருக்கிக்கொண்டு ஓரத்தில் ஆடி ஆடியே செத்தது. செந்தில், பழக்கினால் நிற்கும் என்றுதான் நானும் நம்பினேன். மோலியை மூன்று முறை வாங்கிவிட்டேன், இனி வாங்க மாட்டேன். மலையில் இன்னொரு சங்கடம் குளிர். 1500 மீட்டர் உயரம், மார்கழி இரவில் ஹீட்டர் நின்றுபோனால் நியான் உடம்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிடும். அதனால் வராந்தாத் தொட்டியில் ஹீட்டர் இல்லாமல் ரோஸி பார்ப், ஜீப்ரா டேனியோ மட்டும். இரண்டும் நம் நாட்டு மீன், குளிரைத் தாங்கும்.

திருமணிமுத்தாறு
அப்படியானால் வாணி, மகளுக்கு நியான்தானே வேண்டும்? மேட்டூர் தண்ணீரை மட்டும் வையுங்கள், குளோரின் நீக்கி ஊற்றுங்கள். தரைக்கு மெல்லிய மணல் போட்டு முதலில் கோரிடோரஸ் என்ற, தரையில் மேயும் குட்டிக் கெளுத்தி 6. அது கூட்டமாகத்தான் இருக்கும், ஒன்று இரண்டு வாங்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து நியான் 12. கப்பி ஆசை வந்தால் போர் தண்ணீரில் தனித் தொட்டி, அதிலும் ஆண் மட்டும். இல்லையென்றால் மாதம் ஒரு ஈற்று.

கிச்சிப்பாளையம் செந்தில்
80 லிட்டருக்கு இது நல்ல கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஏஞ்சலும் நியானும் சேரவே சேராது என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. என் 11 நியானும் 3 வருடமாக 11-ஆகத்தான் இருக்கின்றன.

திருமணிமுத்தாறு
இருக்கட்டும் தம்பி. ஏஞ்சல் முட்டை வைக்கும் வாரத்தில் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

அம்மாபேட்டை வாணி
நேற்று கோரிடோரஸ் 6 வந்துவிட்டது. வரிசையாக மணலுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு போகின்றன, மகள் தொட்டியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நியானுக்கு இன்னும் 13 நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறாள்.