ஜிலேபி மீனும் பைண்ட் பண்ணின தொடர்கதையும்

எங்கள் வேலூரில் ஜிலேபி மீன் வாங்கிக்கொண்டு போனால், பாவம் வஞ்சிரம் வாங்க வசதியில்லை போல என்று பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு ஜிலேபிதான் பிடிக்கும். வஞ்சிரம் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் ஊர் வந்து சேர வேண்டும், இது காவேரிப்பாக்கம் ஏரியிலோ வேறு பக்கத்து ஏரியிலோ பிடித்தது, பாத்திரத்தில் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுவதால் எந்தக் குட்டையில் விட்டாலும் பெருகிவிடும், அதனால்தான் இந்த விலைக்குக் கிடைக்கிறது.

சேற்று வாடை அடிக்கும் என்று ஒதுக்குகிறார்கள். நான் வழக்கமாக வாங்கும் மீன்கார அம்மா சொன்னது: "வயித்துக்குள்ள கருப்பா ஒரு ஜவ்வு இருக்கும் பாரு கண்ணு, அத்த சுரண்டி எட்த்துட்டு கல்லுப்பு போட்டு தேய், அப்புறம் இன்னா வாடை அடிக்குதுன்னு சொல்லு." அடிக்கவில்லை. புளியைத் தூக்கலாகக் கரைத்து மாங்காய் போட்டு வைத்த குழம்பை மறுநாள் சூடான கேழ்வரகுக் களியோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

புத்தகத்திலும் எனக்கு இதே ருசிதான். பழைய புத்தகக் கடையில் யாரும் தொடாத ஒரு கட்டு இருக்கும், வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து வீட்டுக்காரர்கள் பைண்ட் பண்ணி வைத்தது. அட்டை செல்லரித்திருக்கும், பக்கத்தின் பின்னால் பாதி ஜோக்கும் தலைவலித் தைல விளம்பரமும் இருக்கும். கதை புதுப்பதிப்பாக வந்திருந்தாலும் எனக்கு இதுதான் வேண்டும், அந்தக் காலத்து வீட்டில் அது எப்படிப் படிக்கப்பட்டதோ அப்படியே கையில் கிடைக்கிறது.

அப்படி வாங்கிய ஒன்றில் முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர், கீழே ஊர், 'வட ஆற்காடு மாவட்டம்'. அந்த மாவட்டத்தை 1989-இல் பிரித்தார்கள், ஆகவே அதற்கும் முந்தைய கையெழுத்தாக இருக்கலாம். நடுவில் ஒரு அத்தியாயம் இல்லை. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்து, 'இந்த வாரம் புத்தகம் கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கதை' என்று எழுதி, அந்த வாரக் கதை முழுவதையும் பென்சிலில் எழுதியிருக்கிறார். பின்னால் படிக்கப்போகிறவருக்குக் கதை அறுந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்! தொடரிலேயே எனக்குப் பிடித்த அத்தியாயம் அதுதான்.

குடியாத்தம், ஆரணி பக்கம் இந்த மாதிரி பைண்டிங் கிடைக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். நல்ல கெளுத்தி கிடைக்கும் இடம் தெரிந்தாலும் சரி.