நியமனம் வரும்வரை மனம் தளராமல் இருப்பது எப்படி?

கேள்வி (மாங்குளம்):
தாதியியல் பட்டம் முடித்துவிட்டு அரச நியமனத்துக்காகக் காத்திருக்கிறேன். அம்மா கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போகிறார். நான் வீட்டில் இருக்கிறேன். கோயிலில் காண்பவர்கள் எல்லோரும் "இன்னும் வேலை கிடைக்கவில்லையா?" என்றே கேட்கிறார்கள். வவுனியாவில் ஒரு தனியார் வைத்தியசாலை கூப்பிட்டது. சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். கற்ற கைத்திறன் போய்விடுமோ என்பதுதான் என் பெரிய பயம்.

பதில் (கிளிநொச்சி, தாதிய உத்தியோகத்தர்):
தங்கச்சி, அந்தப் பயம் நல்லது. தினமும் ஒரு கணக்குச் செய்யுங்கள். ஒரு லீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், மில்லிலீற்றருக்கு 20 துளி என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. கடதாசியில்லாமல் சொல்ல வர வேண்டும். எங்கள் வன்னிக்கு முக்கியமானது பாம்புக்கடி. வயலில் புடையன் கடித்து வருபவரின் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். உறையாவிட்டால் நஞ்சு வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் முழுவதும் மூச்சையும் கண்ணிமையையும் சிறுநீரையும் கவனிப்பவர் தாதிதான். அந்தப் பாடங்களை மறுபடி படியுங்கள், உங்களை இந்த மண் தேடும்.

பதில் (முல்லைத்தீவு):
வவுனியா வேலையை விடாதீர்கள். ஆனால் நியமனக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் பிடித்தால் அவர்கள் 12 வீதம் சேர்க்க வேண்டும். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம், பிரதி போதும்.

கேட்டவர்:
நன்றி அக்கா. சேமலாப நிதி பற்றி நாளைக்கே தொலைபேசியில் கேட்கிறேன். இரவுக் கடமைக்குத் தங்குமிடம் தருவார்களா என்றும் கேட்க வேண்டும்.