இழுக்கும்போது பிளாஸ்டிக் ஷீட்டில் ஏன் சுருக்கம் விழுகிறது?

அம்பத்தூர்க்காரன்:
இங்கே எஸ்டேட்டில் ஒரு பேக்கேஜிங் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். பாலிதீன் ஷீட்டை இரண்டு கிளாம்பில் மாட்டி இழுத்தால், இழுக்கிற திசையிலேயே வரிவரியாகச் சுருக்கம் ஓடுகிறது. அமுக்கினால் மடங்கும், அது புரிகிறது. இழுக்கும்போது எதற்கு? இன்னும் கொஞ்சம் டைட் வைத்தால் சுருக்கம் போவதற்குப் பதில் வரிகள் நெருங்கி வருகின்றன. ஆபரேட்டர் அண்ணன் ஷீட் சரியில்லை என்று முடித்துவிட்டார். எனக்கென்னவோ ஒப்பவில்லை.

கிண்டி மெக்கானிக்ஸ்:
பாவம், ஷீட் என்ன செய்யும்! நீளவாக்கில் இழுத்தால் அகலம் குறையப் பார்க்கும், பாய்சான் விகிதம் என்று பிளஸ் ஒன்னில் படித்திருப்பீர்கள். கிளாம்ப் பிடித்திருக்கிற முனைகளில் அகலம் குறைய வழியில்லை, அந்த இழுபறியில் நடுப்பகுதியில் குறுக்குவாக்கில் லேசான அமுக்கம் உண்டாகிறது, மெல்லிய ஷீட்டுக்கு அதைத் தாங்கும் விறைப்பு இல்லாததால் அலையாக எழும்பிவிடுகிறது.

எத்தனை வரி என்பதுதான் ருசியான இடம். வரி குறுகலாக இருந்தால் ஷீட் அதிகம் வளைய வேண்டும், அதற்கு ஆற்றல் செலவு. வரி அகலமானால் அலை உயரமாகும், கிளாம்பில் தட்டையாக இருப்பது நடுவில் அவ்வளவு உயரம் ஏறி இறங்க வேண்டுமென்றால் நீளவாக்கில் கூடுதலாக நீள வேண்டும், அதுவும் செலவு. இரண்டுக்கும் நடுவில் எது மலிவோ அந்த அகலம் அமைகிறது. செர்டா, மகாதேவன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் இதைக் கணக்காக்கினார்கள்: வரியின் அகலம் நீளத்தின் வர்க்கமூலத்தோடு கூடும், இழுவையின் நான்காம் மூலத்தோடு குறையும். அதாவது இழுக்கிற விசையை 16 மடங்காக்கினால்தான் வரியின் அகலம் பாதியாகும்.

வேளச்சேரி வாசி:
சரிதான், ஆனால் இதை எல்லாச் சுருக்கத்துக்கும் பொருத்திவிடாதீர்கள். மெத்தென்ற ரப்பர் மேல் விறைப்பான மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் கதையே வேறு. படலம் அடித்தளத்தைவிட 3000 மடங்கு விறைப்பு என்று வையுங்கள். பக்கவாட்டில் வெறும் 0.25 சதவீதம் அமுக்கினாலே அலை எழும்பும், அலைநீளம் படலத் தடிமனைப்போல் சுமார் 63 மடங்கு. அதற்கு மேல் கொஞ்சம் அமுக்கினால் உயரம்தான் ஏறும், அலைநீளம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். 1998இல் ஹார்வர்ட் வேதியியலாளர் வைட்சைட்ஸின் குழு சூடாக்கிய சிலிகோன் ரப்பரில் தங்கப் படலம் பூசி ஆறவிட்டபோது, ரப்பர் சுருங்கிப் படலத்தை அமுக்க, இப்படித்தான் ஒழுங்கான அலைகள் வந்தன. பின்னாளில் இதையே திருப்பிப்போட்டு, அலைநீளத்தை அளந்து படலத்தின் விறைப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். அவ்வளவு மெல்லிய படலத்தை நேரடியாக இழுத்துச் சோதிப்பது பெரிய தலைவலி.

அம்பத்தூர்க்காரன்:
அப்போ டைட் வைத்துச் சரிசெய்ய முடியாதா? மெஷினில் ரோலருக்கு நடுவிலும் வருகிறதே.

கிண்டி மெக்கானிக்ஸ்:
டென்ஷனை மட்டும் ஏற்றினால் வரி பொடியாகும், ஒரு கட்டத்துக்கு மேல் பாலிதீன் நிரந்தரமாக நீண்டுவிடும், அப்புறம் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. முதலில் வரிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பாருங்கள். சாய்வாக ஓடினால் பெரும்பாலும் ரோலர் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை, அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். நேராக ஓடினால் ஷீட்டை அகலவாக்கில் விரித்துக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் நடுவில் வளைந்த பனானா ரோலர் போடுகிறார்கள். உங்கள் லைனில் அது இருக்கிறதா?