புதுப்பிப்பு: சூடானதும் நின்றுபோன கார், காரணம் கிராங்க் சென்சர்

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை போகும்போது அரை மணி நேரம் ஓடியதும் என் கார் தானாக நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. கிராங்க் சென்சரைப் (இஞ்சின் சுற்றுவதைக் காரின் கணினிக்குச் சொல்லும் சென்சர்) பார்க்கச் சொன்ன ஏறாவூர் நானா சொன்னதுதான் சரி.

முதலில் பெற்றோல் பில்டரை மாற்றினேன், பலனில்லை. பிறகு நானா சொன்னபடி, கார் நின்றதும் ஸ்டார்ட் அடித்துக்கொண்டே இஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தேன். இஞ்சின் சுற்றுகிறது, முள் அசையவேயில்லை. சாவியை எடுத்துவிட்டுச் சென்சர் மேல் ஈரத்துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் வைத்தேன். அடுத்த அடியிலேயே பிடித்தது!

கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால், ஆறியிருக்கும்போது 870 ஓம். ஹெயார் டிரையரால் சூடாக்க எண் மெல்ல ஏறி, ஒரேயடியாகத் துண்டித்துக்கொண்டது. உள்ளே கம்பிச் சுருள் சூட்டில் விட்டுப்போகிறது. சென்சரிலிருந்து வரும் சிக்னல் இல்லாவிட்டால் காரின் கணினி ஸ்பார்க்கையும் பெற்றோலையும் சேர்த்தே நிறுத்திவிடும். அதனால்தான் எனக்கு முதலில் பெற்றோல் பம்ப் மீது சந்தேகம் வந்தது.

எதிர்பாராதது இரண்டு. செக் இஞ்சின் விளக்கு ஒருநாளும் எரியவில்லை. சென்சரின் பிளக் முழுக்க ஒயில் ஊறியிருந்தது, பக்கத்து சீல் கசிவு. சென்சரோடு அந்த சீலையும் மாற்றினோம்.

ஒன்று கவனியுங்கள்: இந்த ஓம் சோதனை இரண்டு வயர் சென்சருக்கு மட்டுமே. மூன்று வயர் உள்ளது பெரும்பாலும் ஹோல் வகை (கம்பிச் சுருளுக்குப் பதில் காந்தத்தை உணரும் சிப் உள்ளது), அதற்கு இது பொருந்தாது.

மூன்று வாரமாக உச்சி வெயிலில் கல்முனைக்குப் போய் வருகிறேன். ஒருமுறைகூட நிற்கவில்லை.