எம்எஸ்சி முடிச்சிட்டு ஒரு சீசன் ஃபீல்டு வேலை, அப்பறம் பிஎச்டி: நம்ம பக்கம் எப்புடித் தேடறதுங்க?

கிளுவைப்பூ:

வணக்கமுங்க எல்லாருக்கும். எனக்கு ஊரு தாராபுரம் பக்கம். கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல எம்எஸ்சி ஜுவாலஜி கடைசி வருஷம் படிக்கறேன், வர்ற மே மாசம் முடியுதுங்க. பறவை, மிருகம், புல்லுக்காடு இப்புடி வெளிய போயி பாக்கற ஆராய்ச்சிதான் பண்ணோணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்குது, ஆனா எங்க டிபார்ட்மென்ட்ல எல்லாருமே லேப் வேலைதான், எனக்கு ப்ராஜெக்ட்டுங்கூட கொசுப்புழு மேல எலைச்சாறு டெஸ்ட் பண்றதுதான் குடுத்திருக்காங்க, ஈகாலஜி பக்கம் ஒருத்தரையும் தெரியாதுங்க.

பிஎச்டி போறதுக்கு முன்னாடி ஒரு சீசனாவது ஃபீல்டுல வேலை செஞ்சு பாக்கலாம்னு நெனைக்கறேன். அந்த மாதிரி வேலை எங்க கெடைக்கும், எந்த மாசத்துல ஆளெடுப்பாங்க, சம்பளம் குடுப்பாங்களா இல்ல நாமதான் செலவு பண்ணோணுமா? நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் காலேஜ் வாத்தியார் வேலைக்குமான தேர்வு) எழுதி முடிச்சிட்டுப் போறதா, போயிட்டு வந்து எழுதறதா? ஊட்ல பிஎட் சேரு, டீச்சர் வேலைக்குப் போலாம்ங்கறாங்க. அப்பா கேட்டா சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு தெளிவான பதில் இல்லீங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமாச் சொல்லுங்க.

அட்டைமலை:

தங்கச்சி, இந்த வேலை தேடறதுக்கு கோயமுத்தூரை விட நல்ல எடம் தமிழ்நாட்டுல வேற இல்லைன்னுதான் நான் சொல்லுவேன். ஆனைகட்டில சாக்கான் இருக்குது, 1990ல ஆரம்பிச்ச பறவை ஆராய்ச்சி நிலையம், இப்ப டேராடூன் வைல்ட்லைஃப் இன்ஸ்டிட்யூட்டோட சேத்துட்டாங்க. ஆர்எஸ் புரத்துல கௌலி பிரவுன் ரோட்டுல மர ஆராய்ச்சி இன்ஸ்டிட்யூட், மேட்டுப்பாளையத்துல ஃபாரஸ்ட் காலேஜ், கோத்தகிரில கீஸ்டோன், வால்பாறையில நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், மசினகுடில பெங்களூர் ஐஐஎஸ்சியோட ஃபீல்டு ஸ்டேஷன். எல்லாமே பஸ் ஏறுனா அன்னைக்கே போய்ச் சேர்ற தூரம்தான்.

சீசன் பத்திக் கேட்டீங்க. ஒவ்வொரு உயிருக்கும் ஒவ்வொரு காலம், அதை வெச்சுத்தான் ஆளெடுக்கறாங்க. மலையில ட்ரான்செக்ட் (ஒரு கோட்டுல நடந்துட்டே கண்ணுல படற உயிரை எண்ணறது) நடக்கறது, கேமரா ட்ராப் (மிருகம் குறுக்க வந்தாத் தானாப் படம் எடுக்கற கேமரா) வெக்கறது எல்லாம் பெரும்பாலும் ஜனவரிலருந்து மே வரைக்கும், மழை இல்லாத காலம். இருவாச்சிப் பறவை கூடு பாக்கற வேலையும் அதே சமயம்தான், பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்கும், ஆண் பழம் கொண்டாந்து ஊட்டும், அந்த மரத்தடியில மணிக்கணக்கா அசையாம உக்காந்து என்ன பழம், எத்தன தடவைன்னு எழுதோணும். ஜூன்ல தென்மேற்கு மழை எறங்குனா வால்பாறையில நடக்கறதே செரமம், அட்டை வேற, ஆனா தவளை ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அப்பத்தான் சீசனே. வலசைப் பறவைன்னா அக்டோபர்லருந்து மார்ச். அதனால ஜனவரி வேலைக்கு அக்டோபர், நவம்பர்லயே மெயில் போட்டு வெக்கோணும். காட்டுக்குள்ள போற ஆளுக பேரை ப்ராஜெக்ட் பர்மிட்ல சேக்கோணும், அதுக்கே நாளாகும், டிசம்பர் கடைசில கேட்டா அவங்க நெனச்சாலும் உங்களச் சேக்க முடியாது.

மெயில் எழுதறது பத்தி ஒண்ணு சொல்றேன். "எனக்கு இயற்கை மேல ஆர்வம்"னு எல்லாரும்தான் எழுதறாங்க. அவங்க பேப்பர் ஒண்ணை எடுத்துப் படிங்க, அதுல உங்களுக்குப் புரியாத ஒரு எடத்தக் கேளுங்க, எந்த மாசம் ஃப்ரீ, எத்தன மாசம் வர முடியும், தமிழோட வேற என்ன பாஷை தெரியும், வண்டி ஓட்டத் தெரியுமா, இதெல்லாம் நாலு வரில போடுங்க. புலி, யானை மட்டும்தான் வேணும்னு இருக்காதீங்க, முதுமலையில 50 ஹெக்டேர் பிளாட்னு ஒண்ணு இருக்குது, 1988லருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல தடிச்ச ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு அளந்துட்டு வர்றாங்க. அந்த மாதிரி எடத்துல டேப்பு புடிச்சு மரம் அளக்கக் கத்துக்கிட்டவங்களுக்கு எங்க போனாலும் மரியாதை இருக்குது.

இன்னொண்ணு முக்கியம். காட்டுல உங்களுக்கு வாத்தியாரு, கூட வர்ற காடர், மலசர், முதுவர், இருளர் ஆளுகதான். யானை வாசம் வருது நில்லுங்கன்னா அப்பவே நிக்கோணும், டேட்டா அப்பறம் பாத்துக்கலாம். பின்னாடி நீங்க பேப்பர் எழுதும்போது அவங்க பேரை மறக்காம எழுதுங்க. "ஃபீல்டு அசிஸ்டெண்ட்டுகளுக்கு நன்றி"ன்னு மொட்டையாப் போட்டு விடறது எனக்குக் கொஞ்சமும் புடிக்காது.

மோயாத்துக்கரை:

பிஎச்டி பக்கம் நான் சொல்றேன். நெட்டா ஃபீல்டான்னு தனியாப் பிரிக்க வேண்டாங்க. நெட் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது, சிஎஸ்ஐஆர் லைஃப் சயின்ஸ் பேப்பர்ல ஈகாலஜிக்கு ஒரு யூனிட், எவல்யூஷனும் விலங்கு நடத்தையும் ஒரு யூனிட் இருக்குது. கேட் தேர்வுல ஈகாலஜி அண்ட் எவல்யூஷன்னு தனி பேப்பரே இருக்குது, அந்த ஸ்கோர் 3 வருஷம் செல்லும். அதனால கடைசி வருஷத்துலயே ரெண்டுக்கும் அப்ளிகேஷன் போட்டு எழுதிருங்க, வந்தாலும் வராட்டியும் சீசனுக்குக் கெளம்புங்க. மழைக்காலத்துல ரூம்ல உக்காந்து டேட்டா என்ட்ரி பண்ற நாள்ல படிக்க நேரங் கெடைக்கும்.

ஜேஆர்எஃப் (நெட்ல நல்ல ரேங்க் வந்தாக் கெடைக்கற ஆராய்ச்சி உதவித்தொகை) கெடைச்சுட்டா அப்பாவுக்குச் சொல்ல உங்ககிட்ட ஒரு கணக்கு இருக்குது. 2023 ஜனவரிலருந்து மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்பறம் அதுக்கு அடுத்த படியான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000, வாடகைப்படி தனி. வயசு வரம்புலயும் பொண்ணுங்களுக்கு 5 வருஷம் தளர்வு இருக்குது, ஒரு வருஷம் ஃபீல்டுக்குப் போனா வயசு போயிரும்னு பயப்பட வேண்டாம்.

எங்க பண்றதுன்னா சாக்கான், டேராடூன், பெங்களூர்ல ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ், ஏட்ரி, இப்புடி எடம் இருக்குது. ஆனா இன்ஸ்டிட்யூட் பேரை விட கைடு யாருங்கறதுதான் உங்க அஞ்சு வருஷத்தைத் தீர்மானிக்கும். சேர்றதுக்கு முன்னாடி அவருகிட்ட இப்பப் படிக்கற ரெண்டு பேருகிட்டயும் படிச்சு முடிச்ச ஒருத்தருகிட்டயும் தனியாப் பேசிருங்க. பேப்பர்ல ஸ்டூடண்ட் பேரு மொதல்ல வருதா, ஃபீல்டுக்குப் போனா ஃபோன் எடுப்பாரா, எத்தன வருஷத்துல தீசிஸ் குடுக்கறாங்க, இத கூச்சப்படாமக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சு நல்ல மார்க் வாங்கிட்டுப் பாதில விட்டுப் போனவங்க எல்லாம் இந்த எடத்துலதான் அடிபட்டாங்க.

புலிகள் காப்பகத்துக்குள்ள சொந்தமா ஆராய்ச்சின்னா சென்னையில தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேணும், மாசக்கணக்குல ஆகும். அதை மொத வருஷத்துக் கணக்குல சேத்துத்தான் திட்டம் போடோணும். புள்ளிவிவரம் போடற ஆர் சாஃப்ட்வேர், மேப் போடற க்யூஜிஐஎஸ் ரெண்டும் காசில்லாம டவுன்லோடு பண்ணலாம். கொசுப்புழு டேட்டாவையே வெச்சு ஆர்ல கிராஃப் போட்டுப் பழகுங்க, உங்க லேப் வேலை வீண் போகல, சோதனை எப்புடி அமைக்கறதுன்னு அதுலதான் கத்துக்கறீங்க.

நொய்யல் நாரை:

பொங்கல் சமயம் நாலு நாள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்குதுங்க, யாரு வேணா சேரலாம், கொறஞ்சது 15 நிமிஷம் ஒரு எடத்துல பாத்து ஈபேர்டுங்கற பறவைப் பதிவு வெப்சைட்டுல ஏத்தோணும் அவ்வளவுதான். சூலூர், சிங்காநல்லூர், வெள்ளோடு, திருப்பூர் நஞ்சராயன் குளம் (2024ல ராம்சார்ங்கற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல சேந்துச்சு) எங்கயாச்சும் வாங்க. வனத்துறை ஈரநிலக் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைக் கூப்புடுவாங்க. "யாரையும் தெரியாது"ன்னு எழுதியிருந்தீங்களே, அங்க வந்தா ஒரே காலையில பத்துப் பேரு பழக்கம் ஆயிருவாங்க. பைனாகுலர் இல்லாட்டியும் பரவால்ல, கூட்டத்துல மாத்தி மாத்திப் பாத்துக்கலாம்.

சோலைமந்தி:

நான் ஆனைமலைப் பக்கம் கொரங்கு ஆராய்ச்சில வேலை செஞ்சவ, உங்களுக்கு அக்கா மாதிரி நெனச்சுச் சொல்றேன். சம்பளத்தப் பத்தி யாரும் இன்னும் பேசல. ஃபீல்டு வேலையில மூணு வகை இருக்குது, மாசச் சம்பளம் போட்டு ப்ராஜெக்ட் ஆளா எடுக்கறது, தங்கறதும் சாப்பாடும் மட்டும் குடுக்கறது, நம்மகிட்டயே காசு கேக்கறது. மூணாவது பக்கம் போகவே போகாதீங்க, அது சுற்றுலாதான். ரெண்டாவதுல ஒரு மாசம் ரெண்டு மாசம் போலாம், அதுக்கு மேல இலவசமா ஒழைக்கச் சொன்னா வேண்டான்னு சொல்லுங்க, வசதியில்லாத ஊட்டுப் புள்ளைக இந்தத் துறைக்கே வர முடியாமப் போறது இதனாலதான்னு எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு. சம்பளம்னா எந்தத் தேதி, பயணச் செலவு யாரு, ஆஸ்பத்திரிச் செலவு யாருன்னு எழுத்துல வாங்கிருங்க. எனக்கு ஒரு எடத்துல (பேரு வேண்டாம்) மாசக்கணக்குல பணம் வராம, கடன் வாங்கித்தான் மளிகைக்கடைக்கே குடுத்தேன், கையில லெட்டர் இருந்ததுனாலதான் கடைசில கேட்டு வாங்க முடிஞ்சுது.

தங்கற எடம் பத்தி நேராக் கேளுங்க. கூட வேற பொண்ணு இருக்காங்களா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்குதா, ஃபோன் சிக்னல் எங்க கெடைக்கும், யாரு மேல புகார் சொல்லோணும்னாலும் யாருகிட்டச் சொல்றது. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல பாலியல் தொந்தரவுப் புகார்க் குழு இருக்கோணும்னு 2013 சட்டமே இருக்குது. இதுக்கெல்லாம் மொகம் சுளிக்காமப் பதில் சொல்ற எடம்தான் நல்ல எடம்.

அப்பாவை ஒருக்கா கூட்டிட்டு வால்பாறை வாங்க. புதுத்தோட்டத்துல ரோட்டுக்கு மேல கொரங்குக்குக் கட்டுன பாலம், ஆனை வந்தா எரியற செவப்பு லைட்டு, எஸ்எம்எஸ்ல வர்ற தகவல் இதெல்லாம் காட்டுங்க. ஆராய்ச்சி பண்ணித்தான் இதெல்லாம் வந்துச்சுன்னு கண்ணுல பாத்தா அவருக்கு நாம சொல்றது வெளங்கும். எங்கப்பா அப்புடித்தான் சம்மதிச்சாரு.

இட்டேரி:

அம்மணி, எல்லாரும் மலைக்கே வழி சொல்றாங்க, நான் உங்க ஊருக்குள்ளயே ஒரு வழி சொல்றேன். தாராபுரம்னு போட்டிருக்கீங்க, பேரும் கிளுவைப்பூன்னு வெச்சிருக்கீங்க, அப்ப கொரங்காடு என்னன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. காங்கயம், வெள்ளகோயில், மூலனூர், தாராபுரம் சுத்தி கிளுவை வேலி போட்டு உள்ள கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமா இருக்கற மேய்ச்சக் காடு, மழை கம்மியா விழுகற இந்த பூமியில காங்கயம் மாட்டையும் மயிலம்பாடி ஆட்டையும் தலமுறை தலமுறையாக் காப்பாத்துனது அதுதான். அதுக்குள்ள கௌதாரி, பனங்காடை, கீச்சான், வானம்பாடி, குளிர்காலத்துல பூனைப்பருந்து, கிளுவை வேலிக்குள்ள கீரி, ஓணான், பாம்பு. இப்பக் காத்தாடி வருது, சோலார் பேனல் வருது, சைட்டுப் போடறாங்க, வேலியப் புடுங்கிக் கம்பி கட்டறாங்க. ஒரு கொரங்காடு போனா என்னென்ன போகுதுன்னு கணக்கு வெச்சு எழுதறதுக்கு ஆளு வேணும், நான் பாத்த வரைக்கும் இங்க வந்து குனிஞ்சு புல்லை எண்ணுனவங்க கம்மி. குட்டப்பாளையத்துல சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இருக்குது, ஒருக்கா போயிட்டு வாங்க.

இது பட்டா நெலம், காட்டுக்காரரு சரின்னா போதும். ஆனா உயிரைப் புடிக்கறது, கூட்டைத் தொடறது வேண்டாம், அது எங்க இருந்தாலும் வனச் சட்டம் ஒண்ணுதான். பாத்து எண்ணுங்க, எழுதுங்க. காட்டுக்காரருகிட்ட "ஆராய்ச்சி"ன்னு ஆரம்பிச்சா நெலத்த எடுக்கப் போறாங்களோன்னு பயப்படுவாங்க, மொதல்ல ஆட்டப் பத்திக் கேளுங்க, எந்த மாசம் எந்தப் பட்டியில மேயுதுன்னு கேளுங்க, அவங்களே அரை நாள் சொல்லுவாங்க, அத்தனையும் டேட்டாதான்.

கிளுவைப்பூ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா சொன்ன கேள்வியெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டேன். இட்டேரிங்ணா, எங்க பெரியப்பா கொரங்காடே 8 ஏக்கரா இருக்குது, பக்கத்துல ஒண்ணு போன வருஷம் சோலாருக்குப் போயிருச்சு. நான் அதப் படிக்கலாம்னு நெனச்சதே இல்லீங்க. காலேஜ் முடியற வரைக்கும் மாசத்துக்கு ஒருக்காதான் ஊருக்கு வர முடியும், அத வெச்சு உருப்படியா எதாச்சும் பண்ண முடியுங்களா? மோயாத்துக்கரைங்ணா, எப்புடி ஆரம்பிக்கறது?

மோயாத்துக்கரை:

தாராளமாப் பண்ணலாம், மாசம் ஒருக்காங்கறதே நல்ல இடைவெளிதான், ஆனா விடாம வரோணும். ஒரே ஒரு காட்டை மட்டும் பாத்தா அந்தக் காட்டப் பத்தித்தான் தெரியும். அதனால மேயற கொரங்காடு மூணு நாலு, உழுத காடோ சோலார் போட்ட காடோ மூணு நாலு எடுங்க. சோலாருக்குள்ள விட மாட்டாங்க, வேலிக்கு வெளிய நின்னு எண்ணலாம், அப்ப மத்த காட்டுலயும் அதே மாதிரி வேலியோரம் நின்னுதான் எண்ணோணும், எல்லா எடத்துலயும் ஒரே முறை இருக்கோணும். காலையில பொழுது கெளம்பி மொத ரெண்டு மணி நேரத்துக்குள்ள, ஒரு எடத்துல பத்து நிமிஷம் நின்னு பறவையையும் அது எத்தன தூரத்துல இருக்குதுங்கறதையும் எழுதுங்க. போற வரிசைய மாசாமாசம் மாத்துங்க, இல்லீன்னா ஒரே காடு எப்பவும் கடைசில வந்து பறவை கம்மியாத் தெரியும். உள்ள போக முடியற காட்டுல மட்டும் பிவிசி பைப்புல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செஞ்சு, கண்ணை மூடிட்டு வீசாம, முன்னாடியே நம்பர் குலுக்கிப் போட்ட எடத்துல வெச்சு புல்லு எண்ணுங்க. ஒண்ணுமே தெரியலைன்னாலும் பூஜ்யம்னு எழுதிட்டுத்தான் நகரோணும்.

ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை எண்ணிருங்க, மழை விழுந்து கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டதும் இன்னொரு தடவை. மொத ரெண்டு மாசத்து டேட்டா ஷீட்டை ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க, ஆர்ல எப்புடி ஏத்தறதுன்னு நான் சொல்றேன்.