புதுப்பிப்பு: அறிவியல் நகரில் வேலை, குடும்பத்துக்கு வீடு எங்கே?
கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள அறிவியல் நகரில் வேலை கிடைத்ததால் வவுனியாவிலிருந்து நாள்தோறும் சென்று வருவதா, கிளிநொச்சிக்குக் குடிபெயர்வதா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கிளிநொச்சியின் கனகபுரத்தில் வாடகை வீடொன்றை உறுதி செய்துவிட்டோம். ஏ9 வீதியோர வீடுகள் பேருந்துக்கு வசதியானவை என்றாலும், இரவிலும் ஓயாத பாரவூர்திகளை எண்ணி, பிள்ளைகள் சைக்கிள் ஓடக்கூடிய உள்வீதியையே விரும்பினோம்.

மகள் முதலாம் தரத்தில் சேரவிருப்பதே எல்லாவற்றையும்விட முக்கியமாக இருந்தது: அரச பாடசாலை அனுமதியில் 50 வீத இடங்கள் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கு ஒதுக்கப்படுவதாலும், வசிப்பிடத்தை ஆவணங்களால் நிறுவ வேண்டியிருப்பதாலும், வாடகை ஒப்பந்தத்தை முறைப்படி பதிவு செய்யுமாறு உரிமையாளரை வற்புறுத்தினோம், அவரும் மனமுவந்து இணங்கினார்.

மாரியில் எந்தக் கிணறும் நிறைந்தே தெரியும், வறண்ட ஆவணியில் எட்டிப் பாருங்கள் என்று அறிவுறுத்திய அக்காவுக்கு மிகுந்த நன்றி. முதலில் பிடித்துப்போன வீட்டை நாங்கள் விட்டது அதனாலேயே.